கஞ்சாவின் மணமும் மயக்கமும்: டெர்பீன்கள் எவ்வளவு தூரம் பொறுப்பு?

உப்புவெளியில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய அண்ணன், நாள்பட்ட முதுகுவலிக்காக மருத்துவரின் சிபாரிசுடன் கஞ்சாப் பூவைப் பயன்படுத்துகிறார். அவர் அனுப்பிய பொட்டலத்தின் படத்தில் ‘இண்டிகா’ என்ற சொல்லும், டி.எச்.சி. (கஞ்சாவில் மயக்கம் தரும் முதன்மைப் பொருள்) 22 சதவீதம், மிர்சீன் 0.9 சதவீதம், லிமோனீன் 0.4 சதவீதம், கரியோஃபிலீன் 0.3 சதவீதம் என்ற கணக்கும் அச்சிடப்பட்டிருக்கின்றன. கடைசி மூன்றும் டெர்பீன்கள் எனப்படும் வாசனைப் பொருள்கள். மிர்சீன் கூடியது தூக்கம் தரும், லிமோனீன் கூடியது மனத்தை உற்சாகப்படுத்தும், முன்கூட்டியே ஒரு மாம்பழம் சாப்பிட்டால் வேகம் இன்னும் கூடும் என்றெல்லாம் கடையில் சொல்லியிருக்கிறார்கள். இவை உண்மையா, மணத்தை வைத்தே ஒரு வகையின் வேலையைக் கணித்துவிடலாமா, கோணேசர் திருவிழாவுக்காக அண்ணன் மூன்று வாரம் ஊருக்கு வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவரலாமா என்பன தம்பியின் கேள்விகள்.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிப்பவன். வாசனை எண்ணெய்களைக் காய்ச்சி வடிப்பதில் பல வருடங்களாக இருக்கும் ஆர்வமே என்னை இந்த விடயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கஞ்சாவின் மணத்துக்குப் பெரும் பங்கு டெர்பீன்களுடையது. ஆனால் அதன் விளைவில் அவற்றுக்கு இருக்கும் பங்கு, கடைக்காரர் சொல்வதைவிட மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்கிலும் மனிதரில் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டது மிகக் கொஞ்சம்.

டெர்பீன் என்பது கஞ்சாவுக்கு மட்டும் உரிய ஏதோ மாயப் பொருள் அல்ல. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் சுடருக்குப் பக்கத்தில் தோடம்பழத் தோலை மடித்துப் பிதுக்கிப் பாருங்கள். தோலிலிருந்து தெறிக்கும் துளிகள் சுடரில் பட்டுச் சடசடவென்று பொறியாக எரியும். எரிவது பெரும்பாலும் லிமோனீன். தோடம்பழத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது அதுதான். ஐந்து காபன் அணுக்கள் கொண்ட ஐசோப்பிரீன் என்ற அலகை இரண்டாகக் கோத்தால் 10 காபன் கொண்ட மொனோடெர்பீன்கள் கிடைக்கின்றன. மூன்றாகக் கோத்தால் 15 காபன் கொண்ட செஸ்குவிடெர்பீன்கள் கிடைக்கின்றன. இந்த வாசனைப் பொருள்களின் கட்டமைப்பைத் துலக்கிய பணிக்காக ஜேர்மனியின் ஒட்டோ வாலாக் 1910ஆம் ஆண்டிலும், உயர் டெர்பீன்கள் பற்றிய பணிக்காக லெயோபோல்ட் ருசிக்கா 1939ஆம் ஆண்டிலும் நோபல் பரிசு பெற்றார்கள். கோணேசர் சந்நிதியில் நாம் ஏற்றும் கற்பூரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இன்று கடைகளில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி மரத்திலிருந்து நேரடியாக எடுக்கப்படுவதில்லை. பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்ப்பன்டைனில் உள்ள பைனீனை மாற்றித்தான் அதைச் செய்கிறார்கள். டெர்பீன் என்ற பெயரே டர்ப்பன்டைனிலிருந்து பிறந்தது.

கஞ்சாச் செடியில் இவை உருவாகும் இடம், பெண் பூங்கொத்தின் மேல் குண்டூசித் தலைபோல நிற்கும் நுண்ணிய சுரப்பி மயிர்கள். கைவில்லையால் பார்த்தால் கண்ணாடி மணிகள் போலத் தெரியும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். டி.எச்.சி. உருவாவதும் அதே மணிகளுக்குள்தான். செடி மொனோடெர்பீன்களைச் செய்யப் பயன்படுத்தும் அதே 10 காபன் மூலப்பொருளைத்தான் டி.எச்.சி. முதலிய கனாபினொயிட்டுகளைச் செய்வதற்கும் எடுத்துக்கொள்கிறது. ஒரே மாவில் இரண்டு பலகாரம் சுடுவது போன்றது இது. காய்ந்த பூவில் டெர்பீன்களின் மொத்த அளவு பொதுவாக 1 முதல் 3 சதவீதம் வரை இருக்கும்.

இனி மணத்துக்கு வருவோம். விளைவைப் பற்றிய கூற்றுகள் எல்லாம் ஆட்டம் காணும்போதும், மூக்கு சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பதால், இந்தப் பகுதியில்தான் டெர்பீன்களின் அறிவு உண்மையாகவே பயன்படுகிறது. மாங்காயைக் காம்போடு பறித்து ஒடித்தால் வடியும் பாலின் மணம் நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரமான பச்சை வாடையில் மிர்சீனுக்கு முக்கிய பங்கு உண்டு. பல கஞ்சா வகைகளில் அளவில் முதலிடம் பிடிப்பது இதுவே. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் கொடியிலும் மிர்சீன் நிறைய இருக்கிறது. ஹொப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் இதில் வியப்பில்லை. ஹியூமுலீன் என்ற இன்னொரு டெர்பீன் ஹொப்ஸின் தாவரப் பெயரிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. மிளகை இடிக்கும்போது முதலில் எழும் மர வாடையிலும், கராம்பிலும், கறிவேப்பிலையிலும் கரியோஃபிலீன் உண்டு. கொத்தமல்லி விதையின் இனிய மணத்துக்குக் காரணம் லினலூல். லவெண்டர் பூவிலும் அதுவே முக்கியமானது. நுவரெலியாப் பக்கம் பைன் காட்டுக்குள் நடந்தவர்களுக்குப் பைனீனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘டர்பன் பொய்சன்’, ‘ஜாக் ஹெரர்’ போன்ற பெயர்களில் விற்கப்படும் வகைகளில் டெர்பினொலீன் என்ற டெர்பீன் மேலோங்கியிருப்பது வழக்கம். பழமும் பைனும் கலந்தாற்போன்ற அவற்றின் புத்துணர்வான மணம் அதனால் வருவது.

ஆனால் கஞ்சாவின் பெயர்பெற்ற அந்த முடைநாற்றம், வெளிநாட்டார் ‘ஸ்கங்க்’ என்று சொல்வது, டெர்பீன் அல்ல. 2021ஆம் ஆண்டில்தான் அது தெளிவாக விளக்கப்பட்டது. கந்தகம் அடங்கிய ஒரு சிறு மூலக்கூறுக் குடும்பமே அதற்குக் காரணம். வெயிலில் வைத்த பியர் கெட்டு வீசும் வாடைக்குக் காரணமான தயோல் சேர்வையே அதில் முதன்மையானது. டெர்பீன்களோடு ஒப்பிட்டால் அதன் அளவு மிக மிகக் குறைவு. மூக்கோ கந்தகத்தை உடனே பிடித்துவிடும். பெருங்காயம் ஒரு சிட்டிகை சாம்பாரில் செய்யும் வேலையை நினைத்துக்கொண்டால் போதும். பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்வைகளால் வருவதுதான். ஆகவே லேபலில் உள்ள டெர்பீன் கணக்கை மட்டும் வைத்து ஒரு பூ எப்படி மணக்கும் என்பதைக்கூட முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது ‘இண்டிகா’ என்ற சொல். லினேயஸ் 1753ஆம் ஆண்டில் ‘கனாபிஸ் சற்றைவா’ என்று பெயரிட்டது ஐரோப்பாவில் நாருக்காக வளர்க்கப்பட்ட செடிக்கு. இந்தியாவிலிருந்து போன, மயக்கம் தரும் செடிக்கு 1785ஆம் ஆண்டில் லாமார்க் ‘இண்டிகா’ என்று பெயர் வைத்தார். அது மெல்லிய இலைகள் கொண்டது. நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் செடியும் அந்தச் சாயலையே கொண்டது. இன்றைய கடை மொழியிலோ மெல்லிய இலைச் செடி ‘சற்றைவா’ ஆகிவிட்டது. இந்துகுஷ் மலைப்பக்கத்தின் அகன்ற இலைக் குட்டைச் செடிதான் ‘இண்டிகா’ என்று அழைக்கப்படுகிறது. இத்தனை தலைமுறைக் கலப்புக்குப் பிறகு அந்தப் பிரிவும் மிஞ்சவில்லை. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆறு மாநிலங்களிலிருந்து எடுக்கப்பட்ட ஏறத்தாழ 90,000 மாதிரிகளின் ஆய்வுகூடத் தரவுகளை ஒப்பிட்ட ஆய்வில், இண்டிகா, சற்றைவா, கலப்பு என்ற லேபல்களுக்கும் உள்ளே இருந்த இரசாயனத்துக்கும் உருப்படியான பொருத்தம் காணப்படவில்லை. டெர்பீன்களை வைத்துப் பார்த்தபோது அந்த மாதிரிகள் கரியோஃபிலீனும் லிமோனீனும் கூடியவை, மிர்சீனும் பைனீனும் கூடியவை, டெர்பினொலீனும் மிர்சீனும் கூடியவை என்று மூன்று கூட்டங்களாகத்தான் பிரிந்தன. அதற்கு முந்திய வருடம் வெளிவந்த இன்னொரு ஆய்வு, வளர்ப்பவர்கள் ‘இண்டிகா’, ‘சற்றைவா’ என்று பெயரிடும்போது வம்சத்தைவிட ஒருசில டெர்பீன்களின் மணத்தையே அறிந்தோ அறியாமலோ பின்பற்றுகிறார்கள் என்று காட்டியது. அதாவது, அண்ணனின் பொட்டலத்தில் இருக்கும் ‘இண்டிகா’ என்ற சொல்லை ஒரு மணக்குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் செய்திகளில் அடிக்கடி வரும் ‘கேரளக் கஞ்சா’ என்ற பெயரின் நிலையும் இதேதான்.

விளைவைப் பற்றிப் பேசும்போது கணக்குப் போடாமல் பேசக் கூடாது என்பது என் பிடிவாதம். அண்ணன் அரைக் கிராம் பூவை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் டி.எச்.சி. 110 மில்லிகிராம், மிர்சீன் 4.5 மில்லிகிராம், லிமோனீன் 2 மில்லிகிராம், கரியோஃபிலீன் 1.5 மில்லிகிராம் இருக்கும். இவற்றில் ஒரு பகுதி மட்டுமே உடலுக்குள் போகும். மிர்சீன் தூக்கம் தரும் என்ற கூற்றின் வேரைத் தேடினால், 2002ஆம் ஆண்டில் பிரேசிலில் சுண்டெலிகளில் நடந்த ஒரு பரிசோதனையில் போய் நிற்கிறோம். அங்கே உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 200 மில்லிகிராம் என்ற அளவில் மிர்சீன் ஊசி மூலம் கொடுக்கப்பட்டது. தூக்கமருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் உறக்கம் நீண்டது. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற வழக்கமாகப் பயன்படுத்தும் உடற்பரப்பு விகிதத்தில் பார்த்தாலும், 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது ஏறத்தாழ ஒரு கிராம் ஆகும். ஒரு கிராம் எங்கே, 4.5 மில்லிகிராம் எங்கே? ‘மிர்சீன் அரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் இண்டிகா, குறைந்தால் சற்றைவா’ என்று பரவலாகச் சொல்லப்படும் விதிக்கும் எந்த ஆய்வு ஆதாரமும் கிடையாது.

டெர்பீன்கள் டி.எச்.சி.யோடு கூட்டுச் சேர்ந்து வேலை செய்கின்றன என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் ‘என்டுராஜ் எஃபெக்ட்’ என்ற பெயர் உண்டு. பரிவார விளைவு என்று சொல்லலாம். இந்தச் சொல் 1998ஆம் ஆண்டில் இஸ்ரேலின் ரபாயேல் மெக்கூலம் குழுவினரிடமிருந்து வந்தது. 1964ஆம் ஆண்டில் யெகியேல் கவோனியுடன் சேர்ந்து டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை வெளியிட்டவர் அவர். ஆனால் அந்தச் சொல் முதலில் குறித்தது, நம் உடலே சுரக்கும் ஒரு கனாபினொயிட்டையும் அதனோடு கூட வரும் கொழுப்புச் சேர்வைகளையும் பற்றி. டெர்பீன்களுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை. ஈதன் ரூஸோ என்ற மருத்துவர் 2011ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் பிறகே டெர்பீன்கள் அந்தக் கருத்துக்குள் பரவலாக நுழைந்தன. அவர் முன்வைத்தது சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கருதுகோள். சந்தை அதை முடிந்த முடிவாக விற்றது.

பிறகு சோதித்தவர்கள் என்ன கண்டார்கள்? அவுஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் 2019ஆம் ஆண்டில், பொதுவான ஆறு டெர்பீன்களைக் கலங்களில் இட்டுப் பார்த்தபோது, டி.எச்.சி. சேரும் வாங்கிகளில் (கலங்களில் இரசாயனச் செய்தியை ஏற்கும் புரதங்களில்) அவை எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. 2021ஆம் ஆண்டில் அரிசோனாவில் லினலூல், ஹியூமுலீன் முதலியவற்றைச் சுண்டெலிகளுக்குப் பெரிய அளவில் ஊசியாகக் கொடுத்தபோது கஞ்சாவைப் போன்ற சில விளைவுகள் தெரிந்தன. அளவு பற்றிய மேற்சொன்ன கேள்வி அங்கேயும் நிற்கிறது. இந்தக் கூட்டத்தில் கரியோஃபிலீன் மட்டும் ஒரு விதிவிலக்கு. அது சி.பி.2 என்ற வாங்கியோடு நேரடியாகச் சேர்கிறது என்று 2008ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆனால் சி.பி.2 பெரும்பாலும் நோய் எதிர்ப்புக் கலங்களில் இருப்பது. மயக்கம் தருவது மூளையில் நிறைந்திருக்கும் சி.பி.1. கரியோஃபிலீனால் போதை வருவதாக இருந்தால், மிளகு ரசம் குடிக்கும் நாம் எல்லோரும் தள்ளாடிக்கொண்டே எழும்ப வேண்டியிருக்கும். அழற்சியைத் தணிப்பதில் அதற்கு எதிர்காலம் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மனிதரில் செய்யப்பட்டவற்றுள் நான் மதிக்கும் ஆய்வு, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலந்துகொண்டவர்கள் 20 பேர். தாம் எதை உள்ளிழுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. 30 மில்லிகிராம் டி.எச்.சி.யை மட்டும் ஆவியாக எடுத்த நாளில் வந்த பதற்றமும், யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்பது போன்ற அச்சமும், அதனோடு 15 மில்லிகிராம் லிமோனீன் சேர்த்து எடுத்த நாளில் தெளிவாகக் குறைந்தன. ஞாபகத் தடுமாற்றமோ இதயத் துடிப்பின் வேகமோ குறையவில்லை. எனவே டெர்பீன்கள் வெறும் வாசனை மட்டுமே என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அங்கே லிமோனீனும் டி.எச்.சி.யும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருந்தன. அண்ணனின் பொட்டலத்தில் அது ஒன்றுக்கு ஐம்பத்தைந்து. மேலும், அந்த ஆய்வு காட்டியது பயம் தணிந்ததை. கடையில் சொன்ன ‘உற்சாகம்’ அதில் இல்லை.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டில் ஜப்பானின் ககோஷிமாவில், லினலூல் மணத்தை முகர்ந்த சுண்டெலிகளின் பதற்றம் குறைந்தது. முகரும் திறன் அகற்றப்பட்ட எலிகளில் அது குறையவில்லை. மணம் இரத்தத்தில் கலந்துதான் வேலை செய்ய வேண்டும் என்பதில்லை, மூக்கின் வழியாகவே மனத்தைத் தொடலாம் என்பதற்கு இது ஒரு தடயம். அதோடு எதிர்பார்ப்பும் சேர்கிறது. ‘இது தூக்கத்துக்கு’ என்று கடைக்காரர் கையில் கொடுத்ததை இரவு பத்து மணிக்கு எடுத்துவிட்டுத் தூங்கியவர், காரணத்தை மிர்சீனில் தேடுவது இயல்பு. அந்த நேரத்தில் 22 சதவீத டி.எச்.சி. தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கும்.

லேபலில் உள்ள டெர்பீன் அளவு, பொதி செய்வதற்கு முன் ஆய்வுகூடத்தில் அளந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சரக்குத்தூளுக்குக் கொத்தமல்லி வறுக்கும் நாளில் மணம் மூன்று வீடு தள்ளிப் போகும். சட்டியைவிட்டுப் போன லினலூலும் அதில் உண்டு. பூவிலும் இதேதான் நடக்கிறது. 1996ஆம் ஆண்டில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, பறித்த பூவை அறை வெப்பநிலையில் வைத்திருந்த ஒரு வாரத்திலேயே வாசனை எண்ணெயின் 31 சதவீதமும், மூன்று மாதத்தில் 55 சதவீதமும் குறைந்திருந்தன. முதலில் ஓடிப்போவது இலேசான மொனோடெர்பீன்கள். கனமான செஸ்குவிடெர்பீன்கள் பின்தங்கும். பழைய பூவின் மணம் பழத்திலிருந்து மரத்துக்கும் மண்ணுக்கும் மாறுவது இதனால்தான். சித்த, ஆயுர்வேத முறைகளில் இலையைக் கழுவி உலர்த்தி நெய்யில் இளஞ்சூட்டில் வறுத்துச் சுத்தி செய்யும்போதும் இந்த இலேசானவை பெரும்பாலும் பறந்துவிடும்; எஞ்சி வேலை செய்வது நெய்யில் கரைந்த டி.எச்.சி.

வெப்பநிலை அட்டவணைகளைப் பற்றி ஆசிரியன் என்ற முறையில் ஒரு முறைப்பாடு உண்டு. கரியோஃபிலீன் 119 பாகை செல்சியசில் கொதிக்கும், டி.எச்.சி. 157 பாகையில் கொதிக்கும் என்று அழகான வண்ணப் படங்கள் உலாவுகின்றன. 157 என்பது வளிமண்டல அமுக்கத்தை மிகத் தாழக் குறைத்து அளந்த எண். கரியோஃபிலீனும் சாதாரண அமுக்கத்தில் 260 பாகைக்கு அண்மையில்தான் கொதிக்கும். அமுக்கத்தைக் குறிப்பிடாமல் கொதிநிலை எழுதும் மாணவனுக்கு நான் புள்ளி போடுவதில்லை. பைனீனின் 156, லிமோனீனின் 176, லினலூலின் 198 ஆகியவை சாதாரண அமுக்கத்துக்குரிய எண்கள்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியவை இவை. முதலில் பார்க்க வேண்டியது டி.எச்.சி., சி.பி.டி. (கஞ்சாவிலுள்ள, மயக்கம் தராத இன்னொரு கனாபினொயிட்டு) இரண்டின் மில்லிகிராம் அளவையும் பொதி செய்த திகதியையும். டெர்பீன் பட்டியல் அதற்குப் பிறகுதான். வார்பரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து ஏதும் எடுக்கிறாரென்றால், சி.பி.டி. அதன் அளவை உடலில் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. டெர்பீன்களைத் தனியாகச் செறிவாக்கிச் சேர்த்த எண்ணெய்க் குப்பிகளை நான் விரும்புவதில்லை. மிகை வெப்பத்தில் டெர்பீன்கள் சிதைந்து பென்சீன், மெதக்ரோலீன் போன்ற நச்சுகளைத் தருவதை 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு மணம் அவருக்குப் பிடித்திருந்தால் அந்த வகையையே தொடர்ந்து வாங்குவதில் தவறில்லை. அதே பெயரில் அடுத்த முறை வாங்குவது அதே இரசாயனமாக இருக்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மாம்பழக் கதைக்கு மனிதரில் எந்த ஆதாரமும் இல்லை. மாங்காய்ப் பாலில் மணக்கும் மிர்சீன் பழச் சதையில் மிகக் குறைவு. அதுவும் வயிற்றையும் ஈரலையும் கடந்துதான் மூளைக்குப் போக வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: கூடவே கூடாது. கனடாவில் 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. இங்கே 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உள்நாட்டு வைத்தியத்துக்கு உள்ள சலுகையும் அனுமதி பெற்ற மருந்துத் தயாரிப்புக்கு மட்டுமே உரியது. கனடா மருத்துவரின் கடிதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரைக் காப்பாற்றாது. கோணேசர் திருவிழாவுக்கு வரும் அந்த மூன்று வாரத்துக்கு முதுகுவலிக்கு வேறு என்ன எடுக்கலாம் என்பதை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அங்குள்ள தம் மருத்துவரிடம் கேட்டு, மருந்துச் சீட்டோடு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.